பழைய ஸ்காட்ச் மால்ட் பாட்டில்கள்: சுவை நிஜமாகவே வேறா, எங்கே தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: "சில வருடங்களாக சிங்கிள் மால்ட் குடித்துப் பழகியிருக்கிறேன். இப்போது பிரிட்டனில் வேலை. இங்கே ஏலங்களில் 1960, 70-களில் அடைத்த பாட்டில்கள் நிறைய வருகின்றன. அவற்றின் சுவை உண்மையிலேயே வேறா, அல்லது விலை ஏற்றுவதற்கான பேச்சா? சேகரிக்க நினைத்தால் எதைப் பார்த்து வாங்குவது?"

சுவை வேறுதான். இருபது வருடமாக இப்படிப்பட்ட பாட்டில்களை வாங்கித் திறந்து குடித்துவருகிறவன் என்ற முறையில் அதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் அது ஏன் வேறு என்று புரிந்துகொள்ளாமல் ஏலத்துக்குள் போனால் காசு கரைந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி. விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாய்க்குள் மட்டும். கண்ணாடிக்குள் போன அன்றே அந்தக் கணக்கு நின்றுவிடும். 1972-இல் அடைத்த 12 வருட மால்ட், இன்றைக்கும் 12 வருட மால்ட்தான். ஆனால் அது வாலையில், அதாவது சாராயம் காய்ச்சி வடிக்கும் செப்புப் பாத்திரத்தில், வடிந்தது 1960-இல், அல்லது அதற்கும் முன்னால். நீங்கள் காசு கொடுப்பது அந்த 1960-க்கு. அன்றைய பார்லி, அன்றைய அடுப்பு, அன்றைய பீப்பாய். அடைத்த வருடத்திலிருந்து, பாட்டிலில் எழுதியிருக்கும் வயதைக் கழித்துப் பார்க்கிற பழக்கம் முதலில் வரவேண்டும்.

அன்றைக்கு என்ன வித்தியாசமாகச் செய்தார்கள்? பல வடிசாலைகள் தங்கள் பார்லியைத் தாங்களே கல்தரையில் பரப்பி முளைகட்டின. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்கள் மரத் துடுப்பால் புரட்டிவிடுவார்கள். 1960, 70-களில் ஒவ்வொன்றாக அதை நிறுத்திவிட்டு, பெரிய ஆலைகளிலிருந்து முளைகட்டிய பார்லியை வாங்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் தரையில் முளைகட்டுகிற இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஸ்பிரிங்பேங்க் தன் தேவை முழுவதையும் அப்படிச் செய்கிறது. பௌமோர், லஃப்ராய்க், பால்வெனி போன்றவை ஒரு பங்கை மட்டும் செய்கின்றன. ஈஸ்ட்டும் மாறியது. முன்பு பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டையும் கலந்து ஊறல் போடுவார்கள். அப்புறம் அது போய், வடிப்பதற்கென்றே வளர்த்த ஈஸ்ட் மட்டும் என்றானது.

எனக்குப் பெரிதாகப்படுவது அடுப்பு. பழைய செப்பு வாலைகளின் அடியில் நிலக்கரி எரிந்தது. ஊறலில் இருக்கும் கசடு அடிப்பிடிக்காமல் இருக்க, உள்ளே செப்புச் சங்கிலி ஒன்று தரையை உரசிக்கொண்டே சுற்றும். அதற்கு ரம்மேஜர் என்று பெயர். சங்கிலி சுற்றினாலும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். பால் பாயசம் அடியில் லேசாகச் சிவக்கும்போது ஒரு மணம் வருமே, அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று பழைய மால்ட்டுகளில் இருக்கிறது. வாய்க்குள் ஒரு கனம், எண்ணெய் போல நாக்கில் படிகிற ஒரு தன்மை. நீராவிக் குழாய்களுக்கு மாறியபின் அது பெரும்பாலும் மெலிந்துவிட்டது. க்ளென்ஃபார்க்ளஸ் 1981-இல் ஒரு வாலையை நீராவிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, குணம் போய்விட்டது என்று மறுபடியும் நேரடி நெருப்புக்கே திரும்பியது. குடிப்பவனின் கற்பனை என்று இதைத் தள்ள முடியாது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

பீப்பாய்க் கதையும் உண்டு. முன்பு ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாய் பீப்பாயாக பிரிட்டனுக்கு வந்து, இங்கே பாட்டிலில் அடைக்கப்பட்டது. காலியான பீப்பாய்கள் மலிவாக விஸ்கிக்காரர்களிடம் போயின. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே அடைக்கவேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இன்றைய ஷெர்ரி பீப்பாய் பெரும்பாலும் விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கியது. நல்லதுதான், ஆனால் அது வேறு மரம், வேறு வேலை.

இத்தனையும் சொன்னதால் பழையதெல்லாம் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பௌமோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐலா தீவின் கடலோர வடிசாலை. 1960-களில் அங்கே வடித்த மால்ட்டை முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டில் முகர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பழுத்த கொய்யா, சாறு வழியும் மாம்பழம், கூடவே மெல்லிய புகை. மேசையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் "ஏதோ வெப்பமண்டலப் பழம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அது கொய்யா என்று முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது, விதைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவந்த சதை. இத்தாலியரான சில்வானோ சமரோலி 1966-இல் வடித்த பௌமோரைத் தேர்ந்தெடுத்து 1984-இல் 720 பாட்டில் அடைத்தார். "புக்கே" என்று பெயர். விஸ்கி உலகில் பலர் கடவுள் பெயரைப் போல அதைச் சொல்வார்கள். சரி, அதே பௌமோர் 1980-களில் வடித்தது எப்படி? பல பாட்டில்களில் லாவெண்டர் சோப்பு. மலிவான சென்ட்டை நாக்கில் தடவிய மாதிரி. அது 1990-களில் அடைக்கப்பட்டு இன்று "பழைய பௌமோர்" என்று ஏலத்துக்கு வருகிறது. ஒரே வடிசாலை, இருபது வருட இடைவெளி, ஒன்று அமுதம், இன்னொன்று குளியலறை. வருடத்தைப் படிக்கத் தெரியாதவர் இரண்டுக்கும் ஒரே ஆர்வத்தோடு கை தூக்குவார்.

மூடிய வடிசாலைகள் பற்றியும் கேட்பீர்கள். 1970-களில் அளவுக்கு மீறி வடித்துக் குவித்தார்கள். விற்பனை சரிந்ததும் 1983-இல், பல வடிசாலைகளை வைத்திருந்த டிசிஎல் (டிஸ்டில்லர்ஸ் கம்பெனி) நிறுவனம் வரிசையாகக் கதவைச் சாத்தியது. போர்ட் எலன், ப்ரோரா, செயின்ட் மக்டலீன், பான்ஃப், க்ளென் அல்பின், க்ளென் மோர், டாலஸ் து எல்லாம் அந்த வருடம் போனவை. லின்லித்கோவில் செயின்ட் மக்டலீன் இருந்த கட்டடத்தில் இன்று மக்கள் குடியிருக்கிறார்கள். ப்ரோரா 2021-இலும் போர்ட் எலன் 2024-இலும் மறுபடி திறந்தன. இவை நடந்துகொண்டிருந்த காலத்தில் இவற்றின் சரக்கு பெரும்பாலும் ப்ளெண்டுக்குத்தான், அதாவது பல வடிசாலைகளின் மால்ட்டோடு தானிய விஸ்கியும் சேர்த்த கலவைக்குத்தான், போனது. இன்றைய விலையில் பாதி சுவைக்கு, மீதி பூட்டிய கதவுக்கு. ப்ரோராவின் மெழுகும் புகையும் எனக்கு உயிர். இருந்தாலும் முதல் வருடத்தில் இந்தப் பக்கம் வராதீர்கள். யாராவது திறந்தால் பங்கு போட்டு இரண்டு மிடறு வாங்கிக் குடித்துப் பாருங்கள், போதும்.

நீங்கள் தொடங்கவேண்டிய இடம் ப்ளெண்ட். முகம் சுளிக்காதீர்கள். 1960-களில் சிங்கிள் மால்ட்டைத் தனியாக விற்பதே அபூர்வம். க்ளென்ஃபிடிக் 1963-இல்தான் அதை வெளிநாடுகளுக்குத் துணிந்து கொண்டுபோனது. அதனால் அந்தக் காலத்து மால்ட் பாட்டில்கள் எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். ஆனால் அதே வடிசாலைகளின் சரக்கு அன்றைய சாதாரண ப்ளெண்டுகளுக்குள் போயிருக்கிறது. ஒயிட் ஹார்ஸ் என்ற ப்ளெண்டில் லகவூலின், க்ரெய்கெல்லாக்கி, க்ளென் எல்ஜின் மால்ட்டுகள் உண்டு. அதன் 1960-களின் பாட்டில் ஒன்று, இன்றைய புதுப் பெயர் ஒன்றின் "அரிய வெளியீடு" விலையில் பாதிக்கும் கீழே கிடைத்துவிடும். உள்ளே இருப்பது நீங்கள் தேடுகிற அதே காலம்.

இன்னொரு வாசல் இத்தாலி. 1961-இல் அர்மாந்தோ ஜொவினெத்தி என்ற மிலான் வியாபாரி க்ளென் கிராண்ட் வடிசாலைக்குப் போய், அந்த மால்ட்டைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். இளசாக, வெளிர் நிறமாக, 5 வருட க்ளென் கிராண்ட் அங்கே வீட்டுக்கு வீடு போனது. அதனால்தான் இன்றைக்கும் இத்தாலிய வீட்டு அலமாரிகளிலிருந்து 1960, 70-களின் க்ளென் கிராண்ட் வந்துகொண்டே இருக்கிறது. 5 வருடம் என்று அலட்சியப்படுத்தாதீர்கள். ஆப்பிள், தேன்மெழுகு, ஈரமான பார்லி. நிலக்கரிக் கால மால்ட் எப்படி இருந்தது என்று காட்ட அதைவிட நேர்மையான பாட்டில் எனக்குத் தெரியாது. இதற்கு அடுத்த படியில் எல்ஜின் நகரத்து கார்டன் அண்ட் மெக்பெயில். 1895-இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய நிறுவனம். 1968-இல் கானஸர்ஸ் சாய்ஸ் என்ற வரிசையைத் தொடங்கி, உரிமையாளர்களே தனியாக விற்காத வடிசாலைகளின் மால்ட்டை எல்லாம் அடைத்தது. 1980-களின் பழுப்பு லேபிள் பாட்டில்களில் தூங்கிக்கொண்டிருக்கும் நல்லவை இன்னும் உண்டு.

இனி பாட்டிலின் வயதைப் படிப்பது. ப்ரூஃப் என்பது சாராய வீரியத்தின் பழைய அளவு. லேபிளில் 70 டிகிரி ப்ரூஃப் என்று இருந்தால் அது பிரிட்டிஷ் கணக்கு, 40 சதவீதம் ஆல்கஹால். 75 என்றால் ஏறக்குறைய 43. 80 என்றால் 45.7. 100 என்றால் 57.1. பிரிட்டனில் 1980 தொடக்கத்திலிருந்து சதவீதக் கணக்கு வந்துவிட்டது. எனவே வெறும் ப்ரூஃபும் 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸும் மட்டும் போட்டிருந்தால் 1980-க்கு முன். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் 1970-களின் பிற்பாதி. 75 சென்டிலிட்டர், 40 சதவீதம் என்றால் 1980-கள். 70 சென்டிலிட்டர் 1990-களின் தொடக்கத்திலிருந்து. அமெரிக்காவுக்குப் போன பாட்டில் என்றால் ஏமாறாதீர்கள், அங்கே ப்ரூஃப் என்பது சதவீதத்தின் இரட்டிப்பு. 86 ப்ரூஃப் 43 சதவீதம். அங்கே 1935 முதல் 1964 வரை, இந்தப் பாட்டிலை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ சட்டம் தடுக்கிறது என்ற வாசகம் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். இத்தாலியப் பாட்டில்களில் கழுத்தின்மேல் வரிப் பட்டை ஒட்டியிருக்கும். இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களை நாலைந்து வாரம் ஏலப் படங்களைப் பார்த்தே பழகிவிடலாம். ஒரு பைசா செலவில்லை.

வருடத்துக்கு அப்புறம் பார்க்கவேண்டியது பாட்டிலுக்குள் விஸ்கி நிற்கிற மட்டம். கழுத்துக்குள் இருந்தால் நிம்மதி. தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று உள்ளே போய் விளையாடியிருக்கிறது. சாராயமும் பறந்திருக்கும், மணமும் தட்டையாகியிருக்கும். 1950, 60-களின் ப்ளெண்டுகளில் ஸ்பிரிங் வைத்த உலோக மூடிகள் வரும், அவை நன்றாகக் கவ்வியிருக்கிறதா என்று மட்டத்தை வைத்துத்தான் ஊகிக்கமுடியும். கார்க்கில் இரண்டு ஆபத்து. ஒன்று, காய்ந்து உடைவது. இன்னொன்று, உள்ளே கிருமி ஏறி விஸ்கியையே பூஞ்சை நாற்றமாக்குவது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஏலத்தில் 1970-களின் மால்ட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். படத்தில் லேபிள் பளபளவென்று இருந்தது. கழுத்தைச் சுற்றி உறை இருந்ததால் மட்டம் தெரியவில்லை. இன்னொரு படம் கேட்டேன், பதில் வரவில்லை, ஆசையில் கை தூக்கிவிட்டேன். வந்த பாட்டிலில் மட்டம் தோளுக்குக் கீழே. திறந்தால் மழையில் நனைந்து காயாமல் கிடந்த அட்டைப் பெட்டி வாசம். மூன்று மாதம் வைத்துப் பார்த்தும் மாறவில்லை, கொட்டினேன். மட்டம் தெரியாத படத்துக்கு இன்றுவரை நான் விலை கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஏல விலையோடு கமிஷன், வரி, அனுப்பும் செலவு சேரும் என்பதையும் கை தூக்குவதற்கு முன்பே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது திறப்பது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. போன குளிர்காலத்தில் 1960-களின் பிற்பகுதி ஒயிட் ஹார்ஸ் ஒன்றைத் திறந்தேன். கழுத்தில் இருந்தது ஈயத் தகடு. அந்தக் காலத்துப் பாட்டில்களில் அது சகஜம். அதனால் தகட்டை உரித்ததும் கழுத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். (கார்க் உடைந்தால் பயப்படவேண்டாம். காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, சுத்தமான வேறொரு பாட்டிலில் விட்டுவிடலாம். பழைய நல்ல கார்க்குகளைச் சேர்த்துவைப்பது இதற்குத்தான்.) டியூலிப் வடிவக் கண்ணாடியில் ஒரு விரல் உயரம் ஊற்றினேன்.

முதல் முகர்தலில் எதுவும் நன்றாக இல்லை. துலக்கிவைத்த செப்புச் சொம்பின் வாசம், பழைய நாணயம், பீரோவைத் திறந்தால் வரும் அடைத்த காற்று. பாட்டிலுக்குள் பல பத்தாண்டுகள் இருந்ததன் முத்திரை இது. வயது ஏறவில்லை என்று சொன்னேன், மாற்றமே இல்லை என்று சொல்லவில்லை. மூடி வழியாகத் துளித்துளியாகக் காற்று போய்வந்து உள்ளே மெதுவாக ஏதேதோ நடந்திருக்கும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் "கெட்டுப்போச்சு" என்று கண்ணாடியைத் தள்ளிவைக்கிறார்கள். நான் அதை அப்படியே மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் உலோகம் போயிருந்தது. அதற்குப் பதில் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், அடுத்த வீட்டு விறகடுப்பிலிருந்து வருவதுபோல் ஒரு புகை. நாக்கில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை. 40 சதவீதம்தான், ஆனால் தொண்டையில் இறங்கியபிறகும் சாம்பலும் தேனும் நெடுநேரம் நின்றன. நான்காவது நாள் அதே பாட்டில் இன்னும் திறந்துகொடுத்தது.

அதனால் ஊற்றிய உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். தண்ணீரை யோசித்து விடுங்கள். 57 சதவீத மால்ட் சில துளிகளில் மலரும், 40 சதவீதப் பழைய பாட்டில் ஒரு துளியில் குலைந்துவிடும். ஒரே இரவில் பழையதும் புதியதும் குடிப்பதென்றால் பழையதை முதலில் குடியுங்கள். கடும் புகையோ பீப்பாய் வீரியமோ நாக்கில் ஏறிவிட்டால் பழையதன் மெல்லிய குரல் கேட்காது. ஒரு நாளைக்கு மூன்று சின்ன அளவுக்கு மேல் நான் சுவைப்பதில்லை. அதற்குமேல் மூக்கு வேலை செய்யாது, எழுதுவதும் பொய்யாகிவிடும். தனியாக முழுப் பாட்டில் வாங்குவதைவிட ஆறு ஏழு பேர் பணம் போட்டு வாங்கி, ஆளுக்குப் பத்து சென்டிலிட்டர் பிரித்துக்கொள்வது நல்லது. நான் குடித்த சிறந்தவற்றில் பாதி அப்படி வந்தவை.

போலி பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒன்றில் ஒரு விருந்தினர் 1878 மக்காலன் மால்ட் என்று எழுதிய பாட்டிலிலிருந்து ஒரே ஒரு கிளாஸுக்கு 9,999 பிராங்க் கொடுத்தார். பிறகு சோதித்தார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அந்தந்த வருடத்துப் பார்லி அதை உறிஞ்சிக்கொண்டது, விஸ்கிக்குள்ளும் அது வந்தது. அதை அளந்தால் வடித்த காலம் தெரிந்துவிடும். அந்தப் பாட்டிலில் இருந்தது 1970-72 வாக்கில் வடித்தது. அதுவும் மால்ட் 60, தானிய விஸ்கி 40 என்ற ப்ளெண்ட். ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தபோது 21 பாட்டில்கள் சொன்ன வருடத்தைச் சேர்ந்தவையாக இல்லை. போலி செய்கிறவன் பெரிய பெயரைத்தான் செய்வான். 1970-களின் 5 வருட க்ளென் கிராண்டை யாரும் மெனக்கெட்டுப் போலி செய்யமாட்டார்கள். நான் உங்களை அங்கே தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைப்பது எளிது. ஒயின் போலப் படுக்கவைக்காதீர்கள். இவ்வளவு வீரியமுள்ள சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். நிறுத்தி, இருட்டில், சூடு ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால், நம் ஊர் வெயிலில் மேல் பரண் கூடவே கூடாது. தரையை ஒட்டிய உள்ளறை அலமாரிதான் சரி. திறந்தபின் பாதிக்குக் கீழே போனதும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் வாங்க எது என்று கேட்டால், என் பதில் இரண்டு பாட்டில்கள். 1970-களின் ஒயிட் ஹார்ஸ் ஒன்று, மட்டம் கழுத்தில் இருக்கவேண்டும். கடையில் இன்று கிடைக்கும் ஒயிட் ஹார்ஸ் ஒன்று. ஒரு சனிக்கிழமை மாலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, முக்கால் மணி நேரம் விட்டு, எது எது என்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது கண்ணாடிகளை மாற்றிவைக்கச் சொல்லுங்கள். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்ததை எழுதி அனுப்புங்கள், அடுத்த பாட்டிலை அதை வைத்துப் பேசலாம்.